எறும்பு, முதல் பதிப்பு

ஏழு வருடம் உட்கார்ந்து எழுதிய எறும்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகத்துக்குத் திறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் பதிமூன்று பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். அதில் நான்கு பேர் நானேதான். ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்க ஒரு தடவை, எண்ணிக்கை ஏறட்டும் என்று மூன்று தடவை.

எறும்பு என்பது பழைய லேப்டாப்களுக்கான ஓர் இயங்குதளம். கடையில் வாங்கும்போதே உள்ளே ஒன்று போட்டுத் தருகிறார்களே, அதற்குப் பதிலாகவோ அதற்குப் பக்கத்திலோ போட்டுக்கொள்ளலாம். காசு கிடையாது. உள்ளே நான் எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், திட்டலாம். பகலில் எனக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பிரிண்டரில் தாள் சிக்கினால் உருவிவிட வேண்டும். பாஸ்வேர்டை மறந்த மேலாளருக்குப் புதிது போட்டுக் கொடுத்து, அதையும் அவர் மறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே என்னை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. எறும்பு வெளியே வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

முதல் நாள் வந்த கருத்துகள் இரண்டு. பின்னணி நிறம் கண்ணை உறுத்துகிறது என்றார் ஒருவர். இதுபோல ஏற்கெனவே நூறு இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டார் இன்னொருவர். போட்டுப் பார்த்தேன் என்று ஒரு ஜீவன் சொல்லவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இப்படியா? அக்காவுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் புலம்பினேன்.

அக்கா ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். சட்டப் புத்தகமோ மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளோ, எதை நீட்டினாலும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். அத்தான் லாரி ஓட்டியவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். வழியிலிருந்து அவர் அக்காவுக்கு அனுப்பிய குரல் செய்திகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. டயர் மாத்திட்டேன், இங்க மழை, நீ சாப்பிட்டியா என்று பேசியிருப்பார், வேறு ஒன்றும் இருக்காது. அக்காவின் போன் பழுதானபோது அவற்றையெல்லாம் அவளுடைய பழைய லேப்டாப்புக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். இன்னொரு பிரதி எடுத்து வைக்கிறேன் என்றும் சொன்னேன். சொன்னதோடு சரி. தினமும் சாப்பிடும்போது அதில் ஒன்றைப் போட்டுக் கேட்பாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"டேய், உன் எறும்பை நானே போட்டுட்டேன்டா. ஒரு ஆளாவது போட்டாங்கன்னு இருக்கட்டுமேன்னுதான். நல்லா வேகமாத்தான் ஓடுது. ஆனா உங்க அத்தான் பேசினதைக் காணோம். எங்க போய்ப் பாக்கணும்?"

என்ன நடந்திருக்கும் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

எறும்பைப் போடும்போது திரையில் ஒரு கேள்வி வரும். இருப்பதை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா? சோதனை செய்த நாட்களில் இதற்கு ஒரு நாளைக்கு இருபது தடவை பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஐந்து நொடிக்குள் பதில் வராவிட்டால் தானாகவே அழித்துவிட்டு மேலே போகும்படி ஒரு வரி எழுதி வைத்தேன். வெளியிடுவதற்கு முன் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். கடைசி வாரம் முழுக்கப் பின்னணி நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த வரி அப்படியே இருந்துவிட்டது. அவசரக் குடுக்கை எவனாவது படிக்காமலே முதல் பொத்தானை அமுக்கியிருந்தால் தப்பித்திருப்பான். அக்கா வழக்கம்போல இரண்டு முறை படித்திருக்கிறாள்.

ஓடிப்போய் லேப்டாப்பை வாங்கி வந்தேன். மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அழிந்ததை மீட்கத் தெரிந்த வழியெல்லாம் முயன்றேன். என் திறமையோ திறமை, சுத்தமாகத் துடைத்திருந்தது. ஒரே ஒரு துண்டு கிடைத்தது. அதில் ஹாரன் சத்தம் மட்டும் இருந்தது.

அன்று, செவ்வாய்க்கிழமை காலை, எறும்பின் பக்கத்தில் ஆந்தை என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார். "டீ போடப் போயிருந்தேன். வந்து பார்த்தால் டிஸ்க் காலி. நல்ல வேளை, சும்மா கிடந்த லேப்டாப், அதில் ஒன்றும் இல்லை. இந்த ஐந்து நொடி வரியை யார் எழுதியது?" வரி எண்ணையும் கொடுத்திருந்தார். பத்தே நிமிடத்தில் அந்த வரியை எடுத்தேன். கீழே பதிலும் போட்டேன்: "முழுக்க முழுக்க என் தவறு. எந்தச் சாக்கும் சொல்வதற்கில்லை. உங்களிடம் மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." அதற்குப் பதினோரு பேர் கைதட்டல் குறி போட்டார்கள். இவ்வளவு நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்று எழுதினார் ஒருவர். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் படித்து எனக்கு மனம் குளிர்ந்தது.

புதன்கிழமை ராத்திரி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கதவைத் திறந்ததும் அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், எதையும் மீட்க முடியவில்லை என்று புரிந்துகொண்டாள். தட்டு வைத்துப் பரிமாறினாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"நான்தான்டா எதையோ தப்பா அமுக்கிட்டேன்," என்றாள். "ஊரான் எழுதினதையெல்லாம் வரி வரியா படிக்கிறவ, ஒத்தக் கேள்வியை ஒழுங்கா படிக்கலையே. உன்னையும் ரெண்டு நாள் அலைய விட்டுட்டேன்."

வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "பரவால்லக்கா. இனிமே கவனமா படி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்ததோடு நிற்காமல் இரண்டாம் முறை சோறும் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம், அலுவலகத்தில் இருந்தபோது, எறும்பின் பக்கத்தில் அக்காவின் கருத்து வந்து விழுந்தது. "நன்றாக இருக்கிறது. வேகமாக ஓடுகிறது. கேள்வி வரும்போது என் கவனக்குறைவால் என் கணவரின் குரல் பதிவுகள் அழிந்துவிட்டன. மற்றவர்கள் கவனமாக இருக்கவும். இதை எழுதிய தம்பிமேல் தவறு ஒன்றும் இல்லை." ஒரு பிழை கிடையாது, முற்றுப்புள்ளிகூட அதனதன் இடத்தில் இருந்தது. எறும்புக்கு வந்த முதல் பாராட்டு அது.

ஒரு மணி நேரத்தில் ஆந்தை அதற்குக் கீழே பதில் போட்டிருந்தார். "அம்மா, உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. நீங்கள் எதையும் அமுக்கியிருக்க மாட்டீர்கள். எழுதியவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், இங்கே பாருங்கள்." என்னுடைய மன்னிப்புக்கு அங்கிருந்து ஒரு சுட்டியும் கொடுத்திருந்தார்.

பக்கம் என்னுடையது. எந்தக் கருத்தையும் நீக்கும் உரிமை எனக்கு உண்டு. பிரிண்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆந்தையின் பதிலை நீக்கினேன். யாரும் எதையும் மறைக்க முடியாத மென்பொருள் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தவன் நான். ஒரு கருத்துக்குப் பதில் வந்தால், கருத்தை எழுதியவருக்கு அந்தப் பதில் அந்தக் கணமே மின்னஞ்சலில் போய்விடும் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மூன்று தாள்களை அச்செடுத்து வந்திருந்தாள். மெய்ப்புக்குப் பயன்படுத்தும் சிவப்புப் பேனாவால் இரண்டு இடங்களில் அடிக்கோடு இழுத்திருந்தாள். என் மேஜைக்கு எதிரே உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் பேசினாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"செவ்வாக்கிழமை காலைல ஒன்பது நாப்பதுக்கு இந்த ஆள்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கே. இவரு டிஸ்க்ல ஒண்ணுமே இல்லன்னு இவரே எழுதியிருக்காரு. புதன்கிழமை ராத்திரி எங்கிட்ட, இனிமே கவனமா படின்னு சொன்னே."

"அக்கா, மன்னிச்சுடு. சொல்லணும்னுதான் வந்தேன், வாய் வரல."

"அதுக்கு நான் வரலடா," என்றாள். "திங்கட்கிழமையிலேருந்து என்னை நானே திட்டிக்கிட்டு இருக்கேன். கையை உடைச்சுக்கலாம் போல இருந்துச்சு. இனிமே அதை நிறுத்திக்கலாமான்னு உன் வாயால கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

நிறுத்திக்கலாம் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, தாள்களை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.