அப்பாவின் மூச்சுப் பயிற்சி

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றதும் இராஜபாளையத்தில் யாரும் யோசிக்கவில்லை. பேண்டேஜ் துணி மில்லில் வேலை, ஆகவே பஞ்சு. முதல் டாக்டர் லீவு போடச் சொன்னார், மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். காய்ச்சலும் சேர்ந்தபோது இரண்டாவது டாக்டர் சளியைச் சோதித்தார். காசநோய்க் கிருமி இல்லை. "ஒளிஞ்சிருக்கும்" என்று அதற்கே மாத்திரை எழுதினார்.

லீவில் குறைய வேண்டிய இருமல் கூடியது. சாயங்காலம் தட்டச்சு வகுப்பு முடிந்து நான் திரும்பும் நேரத்தில்தான் அதிகம். இதை டைரியில் எழுதினேன், டாக்டரிடம் சொல்லவில்லை. ஒரு வரியைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரியாதவள் நுரையீரலைத் திருத்தலாமா?

மாடிப்படி ஏற முடியாமல் போனதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனோம். அந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பனிமூட்டம் போல வெள்ளை.

"பஞ்சுன்னா லீவுல குறைஞ்சிருக்கணும். வீட்ல என்ன செய்றீங்க?"

"ரெஸ்ட்டுதான் சார்."

"மூச்சுப் பயிற்சியும் செய்தாக சார்," என்றாள் அம்மா பெருமையாக. "சாயங்காலம் ஒருநாள் விடல."

"எப்படிச் செய்வார்?"

அம்மா என்னைப் பார்த்தாள். "டிரம்பெட் ஊதுவாங்க சார். சர்ச் பேண்டுல வாசிக்கிறது," என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அதை எடுத்துவரச் சொன்னார். மறுநாள் குழாய்க்குள் பேண்டேஜ் துணியை விட்டு இழுத்தார். அப்பாவின் மில் துணியாகவும் இருக்கலாம். கரும்பச்சையாக வந்தது.

"கடைசியா எப்போ கழுவுனீங்க?"

"கல்யாணத்தப்போ சார்," என்றார் அப்பா.

"யார் கல்யாணம்?"

"எங்க கல்யாணந்தான். கழுவுனா நாதம் போயிரும்."

"நாதம் போவாது. நீங்கதான் போயிருப்பீக," என்றாள் அம்மா.

குழாயில் வளர்ந்த பூஞ்சையை அப்பா மூச்சோடு இழுக்க, நுரையீரல் ஒவ்வாமல் வீங்கியிருக்கிறது. ஆய்வகத்து முடிவுகளும் அதற்கு ஒத்துவந்தன. காசநோய் மாத்திரை நின்றது. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி, மெல்லக் குறைத்தார்கள். டிரம்பெட் பாதிரியார் வீட்டு அலமாரிக்குள் போய்விட்டது. பேண்டில் இப்போது அப்பா ஜால்ரா போடுகிறார். மில்லில் மேலாளரிடம் பழகியதுதான் என்கிறாள் அம்மா.

நேற்று அப்பா ஆஸ்பத்திரி மாடிக்கு நிற்காமல் ஏறினார். டாக்டருக்குத் திருப்தி.

"இனி தினமும் மூச்சுப் பயிற்சி செய்ங்க."

அம்மா மருந்துச் சீட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"எதை வச்சுன்னும் எழுதிக் குடுத்துருங்க சார்."