உச்சிக்கு ஏறிய எறும்பு

மலையடி ஆய்வு நிலையத்தில் அவளை எல்லோரும் எறும்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மலை எறும்புகளைப் பற்றி அவளிடம் வாய்கொடுத்தால் மீள்வது கஷ்டம். மேலே போகப் போக எறும்பு வகைகள் குறையும், உச்சியில் மிஞ்சுவது ஒரே ஒரு கருஞ்சிவப்பு எறும்பு வகை, அதுவும் இந்த மலையில் மட்டும்தான் உண்டு என்பாள். வெயில் ஏறியதும் அவை தங்கள் குஞ்சுகளான புழுக்களைத் தூக்கிக்கொண்டு தட்டைக் கல்லின் அடிக்கு வரும். சூடு இறங்கியதும் மண்ணுக்குள் கொண்டுபோய்விடும். அந்தக் குளிரில் கல்லின் சூடுதான் அவற்றுக்குப் பிழைப்பு.

இந்தப் பருவத்தில் அந்தக் கல்லடியில் வேறு எறும்பு குடியேறியிருந்தது. கீழே வீடுகளில் சர்க்கரை டப்பாவை மொய்க்கும் அதே பொடி எறும்பு. கருஞ்சிவப்பின் புழுக்களை அவை இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. கல்லுக்குப் பக்கத்தில் பிஸ்கட் தூள் கிடந்தது.

பிஸ்கட் அவள் கணவருடையது. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இதுவே மேல் என்று அவளோடு வந்து, பை தூக்குவதும் எறும்பைப் படம் போடுவதுமாகச் சந்தோஷமாக இருந்தார். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் தட்டும் கையுமாக இருக்கும்போது, பொடி எறும்பு எப்படி மேலே வந்தது என்று அவர் கேட்டதும் அவள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"எப்படி வந்துச்சா? உங்க பிஸ்கட் பொட்டலத்துல உக்காந்து வந்துச்சு. உங்களைக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் நிலைய டைரக்டரிடம் போய், தப்பு தன்னுடையதுதான் என்று மன்னிப்புக் கேட்டார். வெளி எறும்பைக் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் இனி மேலே காலடி வைக்கக் கூடாது என்று டைரக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாஸ்டர் கீழேயே கிடந்தார். பிஸ்கட் மாஸ்டர் என்று பேரும் விழுந்தது. தினமும் அவள் இறங்கி வரும்போது வாசலில் நின்று, அந்தச் சிவப்பு எறும்பு பிழைத்துக்கொள்ளுமா என்று கேட்பார். அவள் ஒருநாளும் முகம்கொடுத்துப் பதில் சொன்னதில்லை.

பருவம் முடிந்து, பொறிகளை எடுக்க அவள் கடைசியாக ஏறினாள். பொறி என்றால் மண்ணில் புதைத்த சோப்புத் தண்ணீர்க் கோப்பை. இடம் தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி. நிலையத்தில் இரும்புக் கம்பிதான் கொடுத்தார்கள். கனமாக இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, தன் வீட்டுக் கொல்லையில் கொடிக்கு நட்டிருந்த பழைய குச்சிகளைப் பருவத் தொடக்கத்தில் அவளே கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

உச்சியில் இருந்த குச்சியைப் பிடுங்கியதும் அது இரண்டாக முறிந்தது. உள்ளேயிருந்து பொடி எறும்புகள் கொட்டின. முட்டை, புழு, ராணிகள் என்று ஒரு குடித்தனமே இருந்தது. அடுத்த குச்சியை முறித்தாள். அதிலும் அதே கதைதான்.

உள்ளே காலியான குச்சி எறும்புக்கு வாடகையில்லாத வீடு. புதிதாக வரும் மாணவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடமே அதுதான். காது மடல்வரை சுட்டது. பார்க்க ஒரு ஆள் இல்லாத இடத்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பெரிய மேதாவி. பிஸ்கட் தூளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தது, தான் நட்ட குச்சி கண்ணில் படவில்லை.

எல்லாக் குச்சிகளையும் பையில் போட்டு இறுகக் கட்டினாள். ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு கல்லடியில் மட்டும் கருஞ்சிவப்பு எறும்புகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன.

கீழே வந்து அறைக்குள் நுழைந்ததும் நின்றபடியே சொன்னாள்.

"உங்க பிஸ்கட் இல்லைங்க. நம்ம கொல்லைக் குச்சி. அதுக்குள்ள இருந்துருக்கு. நான்தான் கொண்டுபோய் நட்டுருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நன்றாக நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

"அப்போ நான் இல்லையா?" என்றார்.

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்குக் கூசியது. இத்தனை நாளும் மனுஷன் அதை நிஜமாகவே நம்பிச் சுமந்திருக்கிறார். சொன்னது எறும்பம்மா அல்லவா.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"டைரக்டர்கிட்ட சொல்லாத. எனக்குத்தான் ஏற்கனவே தடை போட்டாச்சே. பேர் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும். நீயும் மேல போகலைன்னா மிச்சம் இருக்கறத யார் பாத்துப்பா?"

நியாயமாகத்தான் இருந்தது. சரி என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. வாய் திறக்கவில்லை, ஆனால் முகம் சொல்லிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததும், அவள் மறுப்பாள் என்று நினைத்திருந்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் டைரக்டர் அறைக்கு நடந்தாள். குச்சி, கொல்லை, பழி என்று எதையும் விடாமல் சொன்னாள். தடை விழுந்தது. கேட்டு வாங்கியது போல வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவர், அவள் வாசலில் கழற்றிப் போட்டிருந்த நனைந்த காலுறைகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேங்க. இனி மேல விடமாட்டாங்க."

"ம்," என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். எதற்கென்று கேட்பது? அவர் அவள் முகத்தில் பார்த்த அந்தச் 'சரி'யை அவள் வாயால் சொல்லவே இல்லை. சொல்லாததைத் திரும்ப வாங்க அவளுக்கு வழி தெரியவில்லை.