தணிகாசலத்தின் பஃபே

என் தம்பி தணிகாசலத்துக்கு நாகரிகம் பிடித்தது 1983-ல். சிலருக்குச் சொறி பிடிக்கும், இவனுக்கு இது. புதுச்சேரி லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு, ஆபீசில் குமாஸ்தா வேலை, உதைத்தால் பத்தாவது உதையில் கிளம்பும் ஒரு ஸ்கூட்டர். ஆள் இவ்வளவுதான். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நண்பர் ஒருவர் வீட்டு விருந்துக்கு ஒரே ஒரு முறை போய்விட்டு வந்தான். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் அவனுக்குக் காட்டுமிராண்டிகள்.

"அங்க பந்தியே போடலக்கா. எல்லாத்தையும் மேசமேல வச்சிட்டாங்க. வூட்டுக்கார மிசே மொதல்ல தட்ட எடுத்தாரு, அதப் பாத்து மத்தவங்க எடுத்தாங்க. பஃபேன்னு பேரு. சாப்டு சாப்டுன்னு யாரும் நச்சரிக்கல" என்றான்.

"பாவம், பரிமாற ஆளில்ல போலருக்கு" என்றேன்.

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

அவன் பெண்டாட்டி செத்து ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் அவன் வீட்டையும் அவன் மகள் சந்திரகலாவையும் பார்த்துக்கொண்டது இந்தப் புரியாதவள்தான்.

சந்திரகலா ஆசிரியர் பயிற்சியில் கூடப் படித்த இராமதாஸ் மேல் ஆசை வைத்திருந்தாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அவனும் வீட்டில் பேசி, வில்லியனூருக்கு அந்தாண்டை கிராமத்திலிருந்து அவன் அப்பா சாமிக்கண்ணுவும் அம்மா அஞ்சலாட்சியும் வந்து பெண் பார்த்துப் போனார்கள். பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு பகலில் கை நனைக்க வருவதாகத் தரகர் கன்னியப்பனிடம் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவானால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். அவர்கள் ஒரு வாய் சாப்பிட்டு எழுந்தால் கல்யாணம் நிச்சயம்.

"இது மட்டும் நல்லபடியா முடிஞ்சிட்டா போதும் அத்த" என்று சந்திரகலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டுக்கறிக் குழம்பு, எறா வறுவல், கேசரி எல்லாம் அவளே செய்தாள்.

நான் வாங்கி வந்த வாழையிலைக் கட்டைத் தணிகாசலம் கொல்லைப் பக்கம் போட்டுவிட்டான். வாடகைக்குப் பீங்கான் தட்டுகள் வந்தன. மேசைமேல் பாத்திரங்களை வரிசையாக வைத்து வெள்ளைத் துணி போட்டு மூடினான். "யாரையும் கெஞ்சிக் கூப்புடாத. நாகரிகமா நடக்கட்டும்" என்று எனக்கு உத்தரவு வேறு.

டெம்போவில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். சந்திரகலா உள் அறையில் இருந்தாள். சுவரோரம் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து நலம் விசாரித்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், அப்புறம் அழைப்புக்குக் காத்திருந்தார்கள். தணிகாசலம் எழுந்தான். துணியை எடுத்தான். எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு அந்த மகானுபாவன் தானே ஒரு தட்டை எடுத்து, சோறு போட்டு, கறியை அள்ளிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று கரண்டியால் தின்ன ஆரம்பித்தான்.

ஒருவரும் அசையவில்லை. பன்னிரண்டு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். கரண்டியில் நிற்காத எலும்பு ஒன்று தரையில் விழுந்து சாமிக்கண்ணுவின் காலடிக்கு உருண்டது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

நான் சமையலறை வாசலில் நின்றேன். அஞ்சலாட்சி இரண்டு முறை என்னைப் பார்த்தாள். "வாங்க, சாப்பிடலாம்" என்று ஒரு வார்த்தை. வீட்டுக்கு மூத்தவள் நான், நான் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. அவன் மூக்கு எல்லோர் முன்னாலும் உடைவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

சாமிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "நேரமாவுதுங்க. மாடு கன்னு பாக்கணும். நாங்க கெளம்பறோம்."

"சந்தோஷங்க" என்றான் தணிகாசலம், வாய் நிறையச் சோற்றோடு.

டெம்போ போனதும் என்னிடம் திரும்பினான். "பாத்தியாக்கா, ஒரு சத்தம் இல்ல, சந்தடி இல்ல. எவ்ளோ டீசண்டா முடிஞ்சுது! அவங்களுக்குத்தான் பசியில்ல போலருக்கு." அவனை அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

புதன்கிழமை தரகர் கன்னியப்பன் வந்தார். "கை நனைக்க வந்தவங்கள வாங்கன்னு கூப்புட ஒரு கொரலு இல்ல. வூட்டுக்காரரு எங்க முன்னால நின்னுகிட்டே தின்றாருன்றாங்க. அந்தச் சம்பந்தம் வாணாம்னுட்டாங்க."

"பையன் இன்னா சொல்றான்?" என்று கேட்டேன்.

"அப்பன் பேச்சத் தாண்ட மாட்டேங்கறான்."

அவனும் ஒரு ஆம்பிளை, தூ!

தணிகாசலம் விடவில்லை. "பட்டிக்காட்டு ஜனம். பஃபேன்னா இன்னான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைக்கப் போனான்.

சந்திரகலா அழவில்லை. என் எதிரில் வந்து நின்றாள். "அப்பாவுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியுமே அத்த. நீ ஏன் கூப்புடல?"

கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஆறு வருஷமாக ஒரு வேளை தவறாமல் "அத்த, சாப்ட வா" என்று கூப்பிட்டு இலை போடுகிறவள். அன்று மத்தியானம் சோற்றுப் பானையையும் குழம்பையும் மேசைமேல் வைத்தாள், பக்கத்தில் ஒரு தட்டு வைத்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெகு நேரம் காத்திருந்தேன். பிறகு நானே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன்.