மண்ணில்லாத் தோட்டம்

மாலை ஐந்து மணி ஆனதும் சமையல் மேடையில் டைமர் 'டக்' என்றது. புதினாத் தண்டுகளுக்கு மேலே தொங்கிய இரண்டு சிஎஃப்எல் விளக்குகளும் ஒரு நொடி தயங்கிப் பிறகு எரிந்தன. மூன்று வாரமாகத் தினமும் கேட்கிற சத்தம்தான். போன வாரம் வரைக்கும் அதைக் கேட்டால் யாரோ வேலை முடிந்து வீடு திரும்பியதைப் போல சிந்துவுக்கு இருக்கும். சனிக்கிழமைக்குப் பிறகு அப்படி இல்லை. கையிலிருந்த டம்ளர் நழுவி சிங்கில் விழுந்து உருண்டது. அவள் முதலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அப்புறம்தான் டம்ளரை எடுத்தாள்.

அந்த வீடு அவர்களுடையது இல்லை. வாடகைக்கு இருக்கிறோம் என்றும் வெளியே சொல்ல முடியாது. ஆர்.கே.புரம் செக்டர் மூன்றில், இரண்டாவது மாடியில், கலியமூர்த்தி என்கிற அரசாங்க குமாஸ்தாவுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸ் அது. அவர் துவாரகாவில் சொந்த ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். காலி பண்ண வேண்டிய வீட்டைக் காலி பண்ணாமல் கௌதமனுக்குக் கொடுத்திருந்தார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். அதற்குள் யாராவது எழுதிப் போட்டுவிட்டால் வீட்டோடு பென்ஷனுக்கும் ஆபத்து. சாவியைக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டார்.

"இன்னைலேர்ந்து நான் உனக்குப் பெரியப்பா. நீ என் தம்பி பையன். மறந்துபோய் சார் கீருன்னு கூப்ட்ராத. பால்கனில துணியைத் தவிர ஒண்ணும் தெரியக் கூடாது. முக்கியமா, எவன் கேட்டாலும் இந்த அட்ரஸைக் குடுக்கக் கூடாது. கூரியர்காரன், புடவைக் கடைக்காரன், கணக்கெடுக்க வர்றவன், எவனா இருந்தாலும்."

சிதம்பரத்திலிருந்து கல்யாணமாகி வந்த பத்தாவது நாள் அது. சிந்து பயபக்தியோடு தலையாட்டினாள். கொஞ்ச நாளில் அந்தப் பயம் பழக்கமாகிவிட்டது. டெல்லியில் எங்கே போனாலும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். வீடு தேடி அலைந்த அந்தப் பத்து நாளில் செக்டர் ஆறில் ஒரு பூட்டிக் கிடந்த குவார்ட்டர்ஸைப் பார்த்திருந்தாள். எண் நானூற்றுப் பதினெட்டு. கதவு நிறைய வெளுத்துப்போன நோட்டீஸ்கள், நாதாங்கியில் சிலந்தி வலை. யாராவது விலாசம் கேட்டால் அதையே எழுதிவிடுவாள். பூட்டின வீட்டை யார் போய்த் தட்டப்போகிறார்கள்? எழுத எழுத அந்த வீட்டின் மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. மத்தியான வேளைகளில் கண்ணை மூடினால், இருட்டான அதன் அறைகளில் தானே நடமாடுவது போலத் தோன்றும்.

செடி ஆசை ஏப்ரலில் வந்தது. பால்கனியில் இரண்டு தொட்டி வைத்தாள். நாலாவது நாள், தண்ணீர் வழிந்து கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பில் மண்கறை ஏறிவிட்டது. அந்த அம்மாள் இன்கொயரியில், அதாவது காலனியின் ரிப்பேர் ஆபீஸில், புகார் எழுதப் போவதாகப் படியேறி வந்து சொன்னாள். அன்று சாயங்காலமே பெரியப்பா ஆட்டோவில் வந்தார். இரண்டு தொட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளைக் கடத்திப் போகிறவர் மாதிரி, அதே ஆட்டோவில் போனார்.

"மண்ணே கூடாது," என்றார் போகும்போது.

அந்த வார்த்தைதான் அவளை மண்ணில்லாத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு படம்: யாரோ ஒருத்தியின் சமையல் மேடை, மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து பச்சைப் பசேலென்று கீரை. வேர் தண்ணீரில், தலை விளக்கில். அடுத்த ஞாயிறே கௌதமனைக் கன்னாட் பிளேஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெட்டி அழகாகத்தான் இருந்தது. அமெரிக்கச் சரக்கு, விலை ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

"இந்த காசுக்கு நம்ம வாழ்நாள் பூரா கொத்தமல்லி வாங்கலாம். ஒரு மாடு வளத்து அதுக்கும் போடலாம்," என்றான் கௌதமன். பிகாஜி காமா பிளேஸில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. எதைப் பார்த்தாலும் மனசில் வகுத்துப் பார்க்கிறவன்.

பிரகதி மைதானில் கண்காட்சி நடந்தபோது புனேக்காரர்களின் குழாய் மாடல் ஒன்றைப் பார்த்தார்கள். விலை பாதிதான். ஆனால் மேடையில் வைத்தால் அடுப்பைக் கீழே இறக்க வேண்டும். ஸ்டாலில் நின்ற மனிதருக்கு அவள் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். தன் விசிட்டிங் கார்டைத் திருப்பி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தெர்மோகோல் மூடி, மீன்தொட்டிக்குப் போடும் காற்று பம்ப், இரண்டு விளக்கு, ஒரு டைமர் என்று எழுதிக் கொடுத்தார். அடியில் மூன்று உப்புகளின் பெயர். "இதுதான் செடிக்குச் சாப்பாடு. மொத்தமும் ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது அந்த மலிவான மூன்றாவதைத்தான். பம்ப், விளக்கு, டைமர், ஒயர் எல்லாம் பழைய டெல்லியின் ஒரே தெருவில் கிடைத்தன. கௌதமன் தொட்டிக்காக எதிர்க்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். உப்பு வாங்க சிந்து மட்டும் காரி பாவ்லிக்குப் பின்னாலிருந்த கெமிக்கல் கடைக்குள் போனாள். கார்டை வாங்கிப் படித்த கிழவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நைட்ரேட். கிஸ் லியே?"

எதற்காம். "பௌதே கே லியே," என்றாள். செடிக்கு. தன் அரைகுறை இந்தியில், "மிட்டி நஹி. ஒன்லி பானி," என்றும் சேர்த்தாள்.

"பினா மிட்டி கா பௌதா?" கிழவர் சிரித்தார். மண்ணில்லாமல் செடியா! பக்கத்திலிருந்தவரிடமும் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நீளமான ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பினார். பெயர், விலாசம். மூன்று பொட்டலமும் மேஜையின் மேல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. பெண்பிள்ளை பெயரை எழுதத் தயங்கி, சிதம்பரத்திலிருக்கும் தன் அண்ணன் பெயரை எழுதினாள். ஆர்.விஜயன். விலாசத்துக்குக் கை தானாகவே ஓடியது. 418, செக்டர் ஆறு, ஆர்.கே.புரம்.

உண்மையைச் சொன்னபோது சிரித்தவர், பொய்யை எழுதியதும் திருப்தியாகப் புத்தகத்தை மூடினார்.

பத்து நாளில் புதினா வேர் விட்டது. அவ்வளவு வெள்ளையான வேரை அவள் பார்த்ததே இல்லை. மண் படாத வேர். மூடியைத் தூக்கினால் தொட்டிக்குள் யாரோ நரைத்த தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அப்புறம் அந்த செப்டம்பர் சனிக்கிழமை வந்தது. கரோல் பாகில் வெடித்தது, கன்னாட் பிளேஸில் வெடித்தது, கிரேட்டர் கைலாஷில் வெடித்தது. குண்டுகளைக் குப்பைத் தொட்டிக்குள் வைத்திருந்தார்களாம். டி.வி.யில் சிவப்பு எழுத்துகள் இடைவிடாமல் ஓடின. இந்தி சரியாகப் புரியாத சிந்துவுக்கும் இரண்டு வார்த்தைகள் புரிந்தன. திரும்பத் திரும்ப அவற்றைத்தான் சொன்னார்கள். நைட்ரேட். டைமர்.

இன்று செவ்வாய்க்கிழமை. விளக்குகளை எரியவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போனாள். படிகளில் கூட்டம் குறைவு. பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். சந்நிதியை விட்டு இறங்கும்போது, படியோரம் நாலைந்து தமிழ்ப் பெண்கள் ஒருத்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். அழுது முடித்து முகம் காய்ந்துபோயிருந்தது.

"நேத்து காலைல போலீஸ் வந்து, விஜயன் யாருன்னு கேட்டாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்ல விஜயனே கெடையாதுங்க. நான் மஹாலட்சுமி, அவரு மாசிலாமணி, புள்ள ஊர்ல படிக்குது. மாத்தலாயி வந்து ரெண்டு மாசங்கூட ஆவல, பாதி பொட்டி இன்னும் பிரிக்கவே இல்ல. எல்லாத்தையும் கொட்டிப் பாத்தாங்க. ஏதோ வெள்ளப் பொடி வாங்குனியாமே, எங்க வச்சிருக்கன்னு கேக்குறாங்க. இவரு உப்பு வாங்கிட்டு வாங்கன்னா சோடா மாவு வாங்கிட்டு வர்ற மனுசன். சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்னு கூட்டிட்டுப் போனாங்க. ஒரு ராத்திரி ஆயிடுச்சி."

"முருகன் இருக்கான், வந்துடுவாரு. ஆமா, உங்களுக்கு எந்தப் பக்கம் வீடு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"செக்டர் ஆறு. நானூத்திப் பதினெட்டு."

சிந்து அங்கேயே நின்றுவிட்டாள். நிற்காமல் போயிருக்கலாம். மஹாலட்சுமி நிமிர்ந்து, தன் துக்கத்தைக் கேட்க நின்ற புது முகத்தைப் பார்த்து, நன்றியோடு விசாரித்தாள். "நீ எந்த செக்டரும்மா?"

"செக்டர் ஆ..." என்று சிந்துவின் நாக்கு பழக்கத்தில் புறப்பட்டுவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். "துவாரகா," என்றாள்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா வர்ற? பாத்துப் போம்மா. காலம் கெட்டுக் கெடக்கு."

கௌதமன் எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். ரிஜிஸ்டர் விஷயம் அவனுக்கு அதுவரை தெரியாது. பிசைந்த சோறு தட்டில் அப்படியே இருந்தது.

"உங்கண்ணன் பேரையா எழுதின?"

"வேற பேரு சட்டுனு வரலங்க."

"நல்லவேளை எங்கப்பா பேரு வரல."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. பெரியப்பா. அவர் குரல் அடுப்படி வரை கேட்டது. "காலனி பூரா வெரிஃபிகேஷன் வராங்களாம்டா. நாளைக்குப் பத்து மணிக்கு நான் அங்க வந்து பனியனோட உக்காந்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஊர்லேர்ந்து வந்த விருந்தாளி. புரிஞ்சுதா? வீட்ல கண்டது கழியது ஒண்ணும் இருக்கக் கூடாது."

கௌதமன் போனை வைத்துவிட்டு மேடையைப் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் புதினா இலைகள் கண்ணாடி போல மின்னின. பம்ப் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"காலைல இது இங்க இருக்கக் கூடாது."

"நாம போய்ச் சொல்லிடலாங்க. தொட்டிய அப்படியே எடுத்துட்டுப் போவோம். செடிக்குத்தான் வாங்கினோம்னு பாத்தாலே தெரியும். அந்த மனுசன விட்டுடுவாங்க."

"செடின்னு சொன்னப்ப அந்தக் கடைக்காரனே சிரிச்சான்னு நீதான சொன்ன? செடிக்குன்னா பொய்ப் பேரு எதுக்கு, பொய் அட்ரஸ் எதுக்குன்னு கேப்பான். இந்த வீட்டைச் சொல்லணும். பெரியப்பா கதை என்னாகும்? நம்ம கதை? மாசிலாமணி கவர்மெண்ட் ஆளு, நாலு பேரு வந்து அவரை வெளியே எடுப்பாங்க. நமக்கு யாரு இருக்கா?"

"இதத் தூக்கிப் போட்டுட்டா, அப்புறம் எதைக் காட்டிச் சொல்லுவீங்க?"

"யார்கிட்டச் சொல்லப் போறோம் சிந்து?" என்றான். கோபமே இல்லாமல் கேட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காலையில் அவள் குளித்துவிட்டு வரும்போது கௌதமன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். "தண்ணியை ஊத்திட்டுத் தொட்டியக் கழுவிக் கவுத்துடு. மத்ததெல்லாம் நான் வழியில பாத்துக்கறேன். பத்து மணிக்குள்ள வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

சமையல் மேடை அமைதியாக இருந்தது. குமிழ்ச் சத்தம் இல்லை. தொட்டியின் மூடியைத் தூக்கினாள். புதினா வரிசையும் அதனடியில் ஒரு முழம் வேரும் சேர்ந்து எழும்பி வந்தன. தண்ணீரை ஊற்ற மனம் வரவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகுதான் அவன் எடுத்துக்கொண்டு போனது எது என்று பார்த்தாள். விளக்குகள் இல்லை. பம்ப் இல்லை. ஒயர் இல்லை. டைமர் இல்லை. அலமாரியில் மூன்று பொட்டலமும் இல்லை. மேஜையில் அவனுடைய சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. அதை வைக்கிற பையைக் காணோம்.

ஒயர், டைமர், வெள்ளைப் பொடி. எல்லாம் ஒரே பையில். வழியில் ஏதாவது குப்பைத் தொட்டியில் போட.

போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினாள். படுக்கையறையில், தலையணைக்கு அடியில், அவன் போன் அடித்தது.

பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தொட்டிகள் போன பிறகு துணி காயப்போட அல்லாமல் அவள் அங்கே நின்றதில்லை. வேப்ப மரங்களுக்கு நடுவே மெயின் ரோடும் பஸ் நிறுத்தமும் தெரிந்தன. சனிக்கிழமைக்குப் பிறகு போட்ட மஞ்சள் தடுப்புகள், பக்கத்தில் இரண்டு காக்கிச் சட்டைகள். நிறுத்தத்துக்கு முன்னால் கௌதமன், வெளிர்நீலச் சட்டையில். அவனுக்கு எதிரே குப்பைத் தொட்டி. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவன் அதைப் பார்த்தான். அக்கம்பக்கம் பார்த்தான். பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தடுப்புக்கு அப்பால் இருந்த அடுத்த தொட்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

கட்டிய நாளிலிருந்து அவள் அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"கௌதமா!" என்று கத்தினாள். "கௌதமா!"

எதிர் பிளாக்கில் ஒரு பால்கனிக் கதவு திறந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மேலும் கீழுமாக ஐந்தாறு. பல் துலக்கியபடியும், பேப்பரை மடித்தபடியும், குழந்தையை இடுப்பில் வைத்தபடியும் அத்தனை முகங்கள் அவளைப் பார்த்தன. ரோட்டில் ஒரு காக்கிச் சட்டை திரும்பி, முதலில் மாடியைப் பார்த்தது, பிறகு அவள் பார்க்கிற திசையைப் பார்த்தது. வெளிர்நீலச் சட்டை மட்டும் திரும்பவில்லை. சிந்துவின் கையில் மூடி அப்படியே இருந்தது. வெள்ளை வேர்கள் கம்பிக்கு வெளியே தொங்கி, சொட்டுச் சொட்டாக, கீழ்வீட்டு அம்மாள் அப்போதுதான் விரித்துப் போட்டிருந்த படுக்கை விரிப்பின் மேல் வடிந்துகொண்டிருந்தன.