சுபஸ்ரீ விட்டுப்போன போன்

அமுதவல்லியின் பட்டன் போன் ஏரியில் விழுந்தது, பழவேற்காட்டில் இறால் விற்றுவிட்டுத் தன் தீவூரான பசியாவரத்துக்குப் படகேறும்போதுதான். இடுப்பில் செருகியிருந்தது நழுவிவிட்டது. சேற்றில் துழாவி எடுத்து, துடைத்து, வெயிலில் வைத்துப் பார்த்தாள். சிம் கார்டு மட்டும் பிழைத்தது.

சாயங்காலம் அவள் புருஷன் தினகரன் டிரங்குப் பெட்டியைத் திறந்து மகள் சுபஸ்ரீயின் போனை எடுத்து வெளியே போட்டான்.

"இத்த வச்சிக்கோ. ஓடிப்போனவ போனப் பொட்டில பூட்டி வச்சி இன்னா பண்ணப் போறோம்?"

அமுதவல்லிக்கு அதைத் தொடவே கை வரவில்லை. போன வருஷம், பொன்னேரி கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன பெண், ஏசி மெக்கானிக் ஜான்சனைக் கட்டிக்கொண்டாள் என்று சேதிதான் வந்தது. வேறு சாதி, வேறு மதம். போனை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். தினகரன் அதைக் குடைந்து பார்த்தான். எங்கே போனாள் என்பதற்கு ஒரு தடயமும் அகப்படவில்லை. போனுக்குப் பூட்டுப் போடக் கூடாது என்று மகளுக்கு ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தவன் அவன்.

ஊர்ப் பஞ்சாயத்து கூடி, அவளோடு பேச்சு வைத்தால் அந்தக் குடும்பத்துக்கு ஏரியில் பாடு கிடையாது என்று சொல்லிவிட்டது. பாடு என்றால் முறை வைத்து வலை போடும் உரிமை. அது போனால் அடுப்பு எரியாது. பஞ்சாயத்து சொல்லாவிட்டாலும் தினகரன் சொல்லியிருந்தான்: "எங்கனா கண்ல பட்டா ரெண்டு பேரையும் வெட்டிட்டு ஜெயிலுக்குப் போறேன்." சொன்னதைச் செய்கிற ஆள்.

பட்டன் போனில் பச்சையை அமுக்கினால் பேச்சு, சிவப்பை அமுக்கினால் தீர்ந்தது. இந்தப் போனில் அமுக்குவதற்கு எதுவுமே இல்லை, வழவழவென்று கண்ணாடிதான். வருஷக்கணக்காய் இறால் உரித்துத் தேய்ந்துபோன விரலுக்கு அது மசியவில்லை. ஈரக்கை பட்டால் தன் பாட்டுக்கு எங்கெங்கோ ஓடியது. காதில் வைத்தால் கன்னம் பட்டுக் கட்டானது. ஒருநாள் சந்தை வியாபாரி அப்துல் ஹையிடம் பேசிக்கொண்டிருக்கையில் அவர், "இன்னா அமுதா, உன் காது மட்டும் தெரியுதே, வீடியோவா போட்ட?" என்று சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். அமுதவல்லி போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இந்தச் சனியனை ஏரியிலேயே போட்டுவிடலாமா என்றிருந்தது.

அப்படித் தடவித் தடவித்தான் ஒருநாள் படங்கள் இருக்கிற இடம் திறந்துகொண்டது.

கல்லூரி மரத்தடியில் சுபஸ்ரீ. பஸ்ஸில் சுபஸ்ரீ. மூக்கைச் சுளித்துக்கொண்டு சுபஸ்ரீ. அமுதவல்லி கரையில் குந்தியபடி பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படம் இருந்தது. மஞ்சள் சுவர், ஒற்றை அடுப்பு, அதன்மேல் குக்கர். இந்த வீட்டிலும் இல்லை, அவளுக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இல்லை. மறுநாள் பார்த்தபோது அதற்கும் மேலே இன்னொன்று வந்திருந்தது. அதில் சுபஸ்ரீ நைட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றாள். வயிறு மேடிட்டிருந்தது.

அமுதவல்லி அப்போதே படகேறினாள். பழவேற்காடு கடைத்தெருவில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அர்ஷியாவிடம் ஓடினாள்.

"பாப்பா, இது எப்படி இதுல வந்துச்சு?"

அர்ஷியா படத்தைப் பார்த்தாள், அமுதவல்லியின் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சுபா புது போன் வாங்கியும் அதே அக்கவுண்டதான் போட்டுக்கினு இருக்கா அக்கா. அவ அங்க போட்டோ எடுத்தா இங்க தானா வந்து விழும். இத்தினி நாள் நெட்டு இல்லாம பொட்டில இருந்திச்சு. இப்ப உங்க சிம்மப் போட்டதும் வருது. அவளுக்கு இது தெரியாது."

"யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு."

"அல்லா மேல சத்தியமா சொல்ல மாட்டேன், போங்க."

அன்றிலிருந்து அமுதவல்லிக்குப் போன் மேல் இருந்த வெறுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கையை மணலில் தேய்த்துக் கழுவி, புடவையில் துடைத்து, விரலை உலர்த்திக்கொண்டுதான் தொடுவாள். மகள் வாங்கிய கத்தரிக்காயைப் பார்த்தாள். ஜான்சன் தூங்குகிற படத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு வேகமாகத் தள்ளினாள். ஒரு பெயர்ப் பலகையின் கீழே நின்று சுபஸ்ரீ எடுத்துக்கொண்ட படத்தில், திருவொற்றியூர், பூங்காவனம் தெரு என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒருநாள் மஞ்சள் சுவர் வீட்டில் வளைகாப்பு நடந்திருந்தது. கும்பலே இல்லை. யாரோ ஒரு நரைத்த தலைக்காரி சுபஸ்ரீயின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று அமுதவல்லி சாப்பிடவில்லை. பூச வேண்டிய கை தன்னுடையது என்ற நினைப்பு சோற்றை இறங்கவிடவில்லை.

வளைகாப்புப் படங்கள் வந்து கொஞ்ச நாளில், தினகரன் கரையிலிருந்து கத்திக்கொண்டே வந்தான்.

"ஏ அமுதா, அந்தப் போனக் குடு. என் போன்ல சார்ஜ் பூடுச்சு. வலை விக்கிற கேரளா சேட்டனுக்கு நம்ம வலையப் படம் புடிச்சி அனுப்பணும்."

படம் அனுப்பினால் எல்லாப் படங்களையும் திறப்பான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை இப்படியும் அப்படியும் தள்ளினாள். குப்பைத் தொட்டி போட்டிருக்கும் குறியைத் தொட்டால் அழியும் என்று அர்ஷியா வேறெதற்கோ சொல்லியிருந்தாள். மஞ்சள் சுவர், அடுப்பு, பெயர்ப் பலகை, சந்தனம், வயிறு என்று ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டு அழித்தாள். அவன் வாசலுக்கு வரும்போது மரத்தடியும் பஸ்ஸும்தான் மிஞ்சியிருந்தன.

தினகரன் வலையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தான். பிழைத்தோம் என்று அவள் மூச்சு விட்டாள்.

மறுநாள் காலையில் படங்கள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. மரத்தடியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இங்கிலீஷில் எதையோ கேட்டுக்கொண்டு ஒரு வெள்ளைப் பக்கம் நின்றது. எதைத் தொட்டாலும் அதே பக்கம். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், தினகரன் ஏரிக்குப் போனதும், படகேறி, பஸ்ஸேறி, பொன்னேரியில் ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கினாள். கையில் கொஞ்சம் இறால் மட்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு வேறு எதையும் எடுத்து வர அவளுக்குத் துணிவில்லை.

பூங்காவனம் தெருவில் மஞ்சள் சுவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. படத்தில் சந்தனம் பூசிய நரைத்த தலைக்காரி குழாயடியில் நின்றிருந்தாள். பவுனம்மாள் என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"சுபஸ்ரீன்னு ஒரு பொண்ணும்மா. முழுகாம இருக்குது."

பவுனம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "நீ யாரு?"

"சந்தையில பழக்கம். இறா குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நேத்து விடியக்காலைலயே காலி பண்ணிக்கினு பூட்டாங்க. எங்கன்னு என்கிட்டயும் சொல்லல." பவுனம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "போன்ல இருந்த போட்டோல்லாம் திடீர்னு அழிஞ்சிப் போச்சாம். வளைகாப்புப் போட்டோகூட. அதுக்கப்புறம் ஏதோ மீன் வலைப் போட்டோ ஒண்ணு வந்து விழுந்துச்சாம். ஊர்ல உட்டுட்டு வந்த பழைய போன்ல எவனோ உக்காந்து அழிக்கிறான், இங்க அழியுதுன்னு அந்தப் பையன் கண்டுபுடிச்சான். இந்தப் பொண்ணு அப்படியே நடுங்கிப் போச்சு. எங்க நைனா எல்லாத்தையும் பாத்துட்டாரு, தெருப் பேரு வரைக்கும் தெரிஞ்சிருக்கும், அருவாளோட வந்துருவாருன்னு ஒரே அழுகை."

அமுதவல்லி இறால் பையைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"நான்தான் கேட்டேன், ஏன்டி, உங்கம்மாவா இருக்கப் போறா, ஆசையில பாத்திருப்பான்னு. அதுக்கு அது சொல்லுது, எங்கம்மாவுக்குப் பட்டன் போன்லயே நம்பர் போடத் தெரியாது பாட்டி, அது டச் போனத் தொடாதுன்னு."

"நம்பர் இருக்குதாம்மா?"

"மாத்திட்டாங்க. அந்தப் பழைய போனையும் இங்கேர்ந்தே கட் பண்ணிட்டானாம்." அவள் அமுதவல்லியை உற்றுப் பார்த்தாள். "ஏன் அழுவுற? நீ யாரும்மா?"

அமுதவல்லி இறால் பையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

பழவேற்காட்டில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அர்ஷியாவின் கடையில் போய் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். அர்ஷியா போனை வாங்கி வெகுநேரம் முயன்றாள். பாஸ்வேர்டு இல்லாமல் முடியாது என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"அவளுக்கு நான்தான்னு சொல்ல ஒரு வழியும் இல்லையா பாப்பா? போன் கட்டாவறதுக்கு முன்னாடியாவது ஒரு வழி இருந்திருக்காதா?"

அர்ஷியா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "இருந்துச்சு அக்கா. அங்கேர்ந்து இங்க வர்ற மாதிரி, இங்கேர்ந்தும் அங்க போவும். நீங்க இந்தப் போன்ல உங்க மூஞ்சிய ஒரு போட்டோ எடுத்திருந்தா, அது அவ போன்ல போய் விழுந்திருக்கும். எனக்கும் அப்ப தோணல."

அமுதவல்லிக்கு அது புரிய நேரமானது. அத்தனை நாளும் அவள் விரல் பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த வழி இருந்திருக்கிறது.

"இப்ப எடுத்தா?"

"இப்ப போவாது அக்கா."

கடைசிப் படகுக்குக் குரல் கொடுத்தார்கள். தினகரன் வருவதற்குள் உலை வைக்க வேண்டும். அமுதவல்லி எழுந்தாள். போனை வாங்கிக்கொள்ள மறந்து இரண்டடி நடந்தவளை அர்ஷியா கூப்பிட்டு, அதை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.