குடையிலிருந்து நாத்தனார் கல்யாணம் வரை

தொண்டையில் ஆபரேஷன் ஆன அம்மா ஒரு மாதம் பேசவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அப்பா இளைத்துக்கொண்டே போனார். பெல்ட்டில் வாரத்துக்கு ஒரு ஓட்டை கூடியது. மூன்றாவது ஓட்டையை அவர் ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தபோது, வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மகனுக்கு அம்மா செய்தி அனுப்பினாள்: "உங்கப்பா சாப்பிடுறதில்ல. சனிக்கிழமை கேக் இல்லாம ஆள் பாதியாயிட்டார். வந்து கத்துக்கோ."

மகன் வந்ததும் வராததுமாகக் கேட்டான்: "ஆபரேஷன் தொண்டையிலதானே? கை நல்லாத்தானே இருக்கு?"

அம்மா சமையல் நோட்டைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். அதில் இப்படி இருந்தது:

வெண்ணெய், சர்க்கரை: குடையிலிருந்து நாத்தனார் கல்யாணம் வரை.
முட்டை: சைக்கிள். பிறகு அன்றைக்கு உள்ளது.
மாவு: மாமியார். மெதுவாக.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த அடுப்படியில் கடிகாரம் கிடையாது. முப்பத்தேழு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அம்மா அப்பாவைத் திட்டிக்கொண்டேதான் கேக் மாவு அடித்திருக்கிறாள். அதே குற்றங்கள், அதே வரிசை. திட்டி முடிக்கும்போது மாவும் பதத்துக்கு வந்துவிடும்.

"மனசுக்குள்ளேயே திட்டிப் பாக்கறதுதானே?"

அம்மா சிலேட்டில் எழுதினாள்: "பாத்தேன். சீக்கிரம் முடிஞ்சுடுது."

மகன் அளவு தப்பாத ஆள். ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் அடித்தால் போதும் என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டு அடித்தான். ஓவனிலிருந்து வெளியே வந்ததை அப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"பாத்ரூம்ல ஒரு டைல் உடைஞ்சிருக்குடா. அளவு சரியா இருக்கும்."

சொல்லிவிட்டு ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து போனார். பின்பக்கம் பேன்ட் கோணிப்பை மாதிரி தொங்கியது. அதைப் பார்த்ததும் மகனுக்கு வந்த சிரிப்பு நின்றுவிட்டது. வேறு வழியில்லை, திட்டித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் அப்பா தலையைப் படிய வாரிக்கொண்டு, அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மகன் மரக்கரண்டியை எடுத்துத் தொண்டையைச் செருமினான். பிறந்ததிலிருந்து அவன் யாரையும் திட்டியதில்லை. லிஃப்ட் கதவு விரலை நசுக்கினால்கூட 'பரவாயில்லை' என்று சொல்கிறவன்.

"அப்பா, நீங்க அந்தக் குடையைத் தொலைச்சது எங்களுக்குக் கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு."

"என்னடா இது, இரங்கல் கூட்டமா? 'புதுக் குடையை பஸ்ல விட்டுட்டுத் தொப்பலா வந்து நிக்கிறீங்களே, தலை எங்க இருக்கு'ன்னு கேளு. 'தலை'ங்கிற எடத்துல கரண்டியால ஒரு தட்டு தட்டணும்."

மகன் கேட்டான், தட்டினான்.

"நடுவுல மூச்சு விடாதே. நாத்தனார் கல்யாணம் வந்தாத்தான் உங்கம்மா மூச்சு விடுவா. அங்க எனக்கு ரெண்டு வசவு அதிகம்."

தன் குற்றங்களை அப்பா ஒன்றுவிடாமல் எடுத்துக்கொடுத்தார். எங்காவது ஒரு வரி விட்டுப்போனால் அம்மா பாத்திர மூடியில் டங்கென்று அடித்தாள். கல்யாணம் முடிந்து, சைக்கிளும் முடிந்தது. ஆனால் முட்டை இன்னும் வெண்ணெயோடு சேராமல் திரிதிரியாக நின்றது. இன்னும் அடிக்கவேண்டும். பாக்கி இருந்தது 'அன்றைக்கு உள்ளது' மட்டும்தான்.

அப்பா விழித்தார். "இன்னைக்கு நான் ஒண்ணும் பண்ணலையே. வேணும்னா இந்த டம்ளரைக் கீழ போடட்டுமா?"

அம்மா மறுத்துத் தலையாட்டினாள். வேண்டுமென்று செய்தால் கணக்கில் வராது.

மகன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கரண்டி தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

"ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாள் கழிச்சுத்தானே எங்கிட்ட சொன்னீங்க?"

"என்னது?"

"அம்மா தொண்டையில கத்தி வைக்கிறப்ப நான் பத்தாவது மாடியில யார் வீட்டு நாயையோ லிஃப்ட்லேர்ந்து வெளிய இழுத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்குக் காலையில போன்ல என்ன சொன்னீங்க? 'இங்க நல்ல மழை'ன்னு சொன்னீங்க! பெத்த பிள்ளைகிட்ட வானிலை அறிக்கை வாசிக்கிறீங்களா?"

"உங்கம்மாதாண்டா சொல்ல வேணாம்னா."

"நீயும்தாம்மா!" கரண்டியோடு திரும்பினான். மாவு சுவரில் தெறித்தது. "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா, அதையும் மழை விட்டப்புறம்தான் சொல்லியிருப்பீங்களா?"

அந்த அடுப்படியில் அம்மாவை இதுவரை யாரும் திட்டியதில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா, அனுபவஸ்தர், சத்தமில்லாமல் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அம்மா போய் அவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தாள்.

திட்டு தீர்ந்தபோது மகனுக்கு மூச்சு வாங்கியது. கிண்ணத்துக்குள் எல்லாம் வெளுத்து, பஞ்சு மாதிரி நின்றது. மாவைக் கொட்டி, மாமியாரை மெதுவாகச் சொல்லி, ஓவனில் வைத்தான்.

கேக் டின்னின் விளிம்பைத் தாண்டி எழும்பியிருந்தது. அப்பா மூன்று துண்டு சாப்பிட்டார். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாக்டர்கிட்ட போறோம். குரல் திரும்புமான்னு அன்னைக்குத்தான் சொல்லுவாராம். உங்கிட்ட இப்பவே சொல்லிட்டேன்."

"நானும் வரேன்."

"வா. ஆனா இப்படி முன்கூட்டியே எல்லாத்தையும் சொல்லிட்டா, அடுத்த கேக்குக்கு எதை வச்சுடா திட்டுவே?"

"கவலைப்படாதீங்கப்பா. அதுக்குள்ள நீங்க ஏதாவது பண்ணாமயா இருப்பீங்க?"

அம்மா வாய் நிறைய கேக்கோடு, ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். அவள் மடியெல்லாம் தூள்.