கோட்டில் நின்ற தலைவர்

எங்கள் சைக்கிள் சங்கத் தலைவருக்குக் கேமரா என்றால் உயிர். எங்கே லென்ஸ் தெரிந்தாலும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு ஆஜராகிவிடுவார். ஜெயித்தவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பாதி தூரம் தானே மிதித்து வந்தவர்போல மூச்சு வேறு வாங்குவார். சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது அவருக்கு.

பத்திரிகைக்காரர்களின் கேமராவோடு இது நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். நான் இயக்குவது முடிவுக்கோட்டுக் கேமரா. உயரத்து அறையிலிருந்து அது கோட்டை மட்டும்தான் பார்க்கும். மயிரிழை அகலத்துக்கு ஒரு கீற்று, அவ்வளவுதான். அந்தக் கீற்றையே நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகும். கோட்டைக் கடக்கிறவர்கள் படத்தில் முழுசாக விழுவார்கள். யாருடைய முன்டயர் முதலில் தொட்டதோ அவருக்கே வெற்றி. தலை, கை, நெஞ்சு எதற்கும் மதிப்பில்லை. கோட்டின்மேல் அசையாமல் நிற்கிறவன் மட்டும், சுவருக்குப் பட்டை அடித்த மாதிரி படம் நெடுக இழுபட்டுக் கிடப்பான்.

காலையிலேயே சொன்னேன். "சார், தயவுசெஞ்சு கோட்டுக்கு நேரா நிக்காதீங்க."

"என் பொண்ணு ஜெயிக்கும்போது நான் படத்துல இல்லாட்டி எப்படிய்யா? எல்லாம் எனக்குத் தெரியும், உன் வேலையைப் பாரு."

அவர் மகள் நிஜமாகவே நல்ல வீராங்கனை. அப்பனின் எந்தக் குணமும் ஒட்டாமல் எப்படித்தான் வளர்ந்தாளோ! இன்றைக்கு முதலிடம் வந்தால் இளையோர் தேசிய அணி. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள் என்பதால், இதை விட்டால் அவளுக்கு வேறு பந்தயம் இல்லை.

கடைசி நேர்ச்சாலையில் அவளும் ஒரு பச்சைச் சட்டைக்காரியும் மட்டும் முன்னால் வந்தார்கள். இவள் என் பக்கத்து வேலியை ஒட்டி வந்தாள். தலைவர் அந்த வேலியைத் தாண்டி, கோட்டின் நுனியில் கையை விரித்து நின்றார். நான் கத்தியது கூட்டத்தின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் நகர்ந்திருப்பாராக்கும்.

அறைக்கு எல்லோரும் வந்து படத்தைப் பார்த்தார்கள். பச்சைச் சட்டைக்காரியின் டயர் பளிச்சென்று தெரிந்தது. மகளின் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு ஆரஞ்சுப் பட்டை. அதற்கு மேலே அவள் ஹெல்மெட் மட்டும் எட்டிப் பார்த்தது.

"இதுல நான் எங்கய்யா?" என்றார் தலைவர்.

"அந்தப் பட்டை முழுக்க நீங்கதான் சார். உங்க சட்டை."

"அவ்வளவு பெருசாவா?" என்று ஒரு கணம் பூரித்துப்போனார், மனுஷன்.

தலைமை நடுவர் அம்மா பூரிக்கவில்லை. "தெரியாத டயருக்கு முதலிடம் குடுக்க முடியாது. கோட்டை மறைச்சது யாருன்னு ஓட்டினவங்களோ மறைச்சவரோ எழுதிக் குடுத்தா, இவங்க ரெண்டு பேருக்கும் மறுபடி ஓட்டம் வைக்கலாம். ஆனா மறைச்சவர் சங்கத்து ஆளா இருந்தா பதவி போயிடும். விதி அப்படி."

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்தான் நின்றேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பெற்ற மகள் எதிரிலேயே நிற்கிறாள்.

"ரெண்டாவது இடம்னா சும்மாவா கண்ணு?" என்றார். "நாற்காலி இருந்தாத்தானே அப்பாவால உனக்கு ஏதாவது செய்ய முடியும்?"

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ கையுறையைக் கழற்றிவிட்டு என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"மறைச்சவர் பேரும் பதவியும் எழுதணுமா மேடம்?"

"ஆமாம்மா."

நிதானமாக எழுதினாள். பாதியில் நிறுத்தி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேரு எழுதிட்டேன்ப்பா. பதவிக்கு முன்னாடி 'முன்னாள்'னு இப்பவே போட்டுடட்டுமா?"